மோதலுக்குப் பின் கொதிக்கும் எஞ்சின்

இன்று பெரும்பாலான கிராமங்களில் ஜீப்பையும் டிராக்டரையும் காணலாம். அவற்றுள் பல வயது முதிர்ந்தவை. அத்தகைய வண்டி எங்கேனும் மோதிப் பழுதுபார்க்கப்பட்ட பின் அடிக்கடி கொதிக்கத் தொடங்கினால், “எஞ்சினை இறக்கி வேலை செய்ய வேண்டும்” என்று கூறுவோர் உடனே கிடைப்பார்கள். அச்சொல்லை நம்பி நகையை அடகு வைக்குமுன், உரியவர் தாமே பார்த்தறியக்கூடியவை சில உண்டு. அவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் முன்பு பணியாற்றிய ஒன்றியத்தில் ஒரு பழைய டீசல் ஜீப் இருந்தது. 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களை ஓட்டக் கூடாதென்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 அன்று அமலுக்கு வருமுன் நடந்த செய்தி இது. இரவில் குறுக்கே வந்த மாட்டுக்காக ஒதுங்கிய அந்த ஜீப், சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. எவருக்கும் காயமில்லை. ஆனால் ரேடியேட்டர் பின்னுக்குத் தள்ளப்பட்டு, விசிறியில் பட்டுக் கிழிந்துவிட்டது. பட்டறையில் தகட்டை நிமிர்த்தி, வேறு ரேடியேட்டர் பொருத்தி, வர்ணம் பூசி அனுப்பினார்கள். முதல் வாரத்திலேயே ஏரிக்கரைமேல் தண்ணீர் கொதித்தது. தெர்மோஸ்டாட்டை மாற்றினோம், பிறகு வாட்டர் பம்பை மாற்றினோம். பயனில்லை. இறுதியில், எஞ்சினை இறக்குவதற்கான மதிப்பீடு என் மேசைக்கு வந்தது. கையெழுத்திடுமுன் ஓட்டுநரை அழைத்து, வண்டி எப்போது சூடாகிறது என்று கேட்டேன்.

“நெடுஞ்சாலையில் ஒன்றுமில்லை, ஐயா. மண் ரோட்டில் இரண்டாம் கியரில் உருட்டும்போதுதான் முள் ஏறுகிறது” என்றார்.

இக்கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே வண்டியை ஓட்டுகிறது. மற்றொரு பங்கு புகையுடன் போய்விடும். எஞ்சிய பங்கில் பெரும்பகுதியைத் தண்ணீர் ஏந்திச் சென்று ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். வண்டி வேகமாகச் செல்கையில் எதிர்க்காற்றே அவ்வேலையைச் செய்துவிடும். மெதுவாகச் செல்கையில் விசிறி ஒன்றே கதி. ஆகவே, மெதுவாகச் செல்லும்போது மட்டும் கொதித்தால் முதலில் காற்றின் வழியை ஆராய வேண்டும். வேகத்திலும் மேட்டிலும் பாரத்திலும் கொதித்தால் தண்ணீரின் வழியை ஆராய வேண்டும். இது தவறாத விதியன்று. எனினும் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

எங்கள் ஜீப்பில் விசிறியைச் சுற்றியிருந்த தகட்டுக் கூடு மோதலில் உடைந்திருந்தது. பழுதுபார்த்தபோது அதை விட்டுவிட்டார்கள். அலங்காரத் தகடு என்று எண்ணினார்கள் போலும். அக்கூடு இல்லாவிட்டால் விசிறி தனக்கு நேரேயுள்ள வட்டத்தின் வழியாக மட்டுமே காற்றை இழுக்கும். ரேடியேட்டரின் மூலைகள் வீணாகும். உள்ளூர்த் தகட்டு வேலைக்காரரைக் கொண்டு துத்தநாகத் தகட்டில் ஒரு கூடு செய்வித்தோம். இதழ்களில் பாதி கூட்டின் உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்குமாறு பொருத்தியதும் கொதிப்பு நின்றது. மதிப்பீட்டைத் திருப்பியனுப்பினேன்.

காற்றைச் சோதிக்க ஒரு காகிதம் போதும். எஞ்சின் ஓடும்போது அதை ரேடியேட்டரின் முன்புறம் பிடித்தால், காற்று இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாவிடில் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். அல்லது விசிறியைக் கழற்றியவர் முன்பின்னாக மாட்டியிருக்கலாம். மாறி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் செல்லும், ஆனால் வலுக்குறையும். ஆதலால் பார்வைக்குப் புலப்படாது. புதிதாகப் போட்ட இரும்புக் கிராதி, கூடுதல் விளக்குகள், பதவிப் பெயர்ப் பலகை ஆகியவையும் காற்றை மறைக்கும். பெயர்ப் பலகையைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை.

தண்ணீரின் வழியில் முதலில் ஐயுற வேண்டியது, மாற்றிப் பொருத்திய ரேடியேட்டரையே. பழைய சாமான் கடையில் வாங்கியதாயின், மூன்று வரிசைக் குழாய் இருந்த இடத்தில் இரண்டு வரிசையே இருக்கக்கூடும். உள்ளே உப்பும் படிந்திருக்கும். அடுத்தது கீழ் ஹோஸ். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது; நைந்திருந்தால், எஞ்சினை முடுக்கும்போது தட்டையாக ஒட்டிக்கொள்வதைக் கண்ணாலேயே காணலாம். முழுவதும் வடித்துத் திரும்ப நிரப்பும்போது காற்று உள்ளே தங்கிவிடுவதும் உண்டு. வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்க நிறுத்தி, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மூடியைத் திறந்து, ஓட விட்டுக் குமிழிகள் அடங்கும் வரை சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றினால் அது வெளியேறும்.

ரேடியேட்டர் மூடியும் ஒரு கருவியே. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியில் தண்ணீர் ஏறத்தாழ 111 டிகிரி சென்டிகிரேடு வரையிலும், 13 பவுண்டு மூடியில் 119 டிகிரி வரையிலும் கொதியாது. ரப்பர் வளையம் கிழிந்த மூடியில் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதே காரணத்தால், சூடான எஞ்சினின் மூடியைத் திறப்பவர் முகத்தில் வெந்நீர் பீறிடும்.

முள் ஏறுவதெல்லாம் உண்மையான சூடு என்றும் கொள்ளக் கூடாது. வர்ணம் பூசும்போது எர்த் கம்பி இணையும் இடத்திலும் பூசிவிட்டால் மானி பொய் சொல்லும். தூரத்திலிருந்தே சூட்டை அளக்கும் கருவி இப்போது பட்டறைகளில் உண்டு; அதைத் தெர்மோஸ்டாட் அருகே காட்டினால் தெரிந்துவிடும். நோய்த்தொற்றுக் காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி இதற்குப் பயன்படாது. அவ்வளவு சூட்டை அது அளக்காது.

இத்தனையும் சரியாயிருந்து, காற்றை வெளியேற்றிய பின்னும் ரேடியேட்டர் வாயில் ஓயாமல் குமிழி எழுந்தாலோ, எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தாலோ, கேஸ்கட் போயிருக்கிறதென்று ஐயுறலாம். அப்போதுதான் சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும். பெரும்பாலும் இது கொதிப்பின் காரணமன்று, விளைவே. முள் சிவப்பைத் தொட்ட பின்னும் “வீடு பக்கந்தானே” என்று ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். நூறுகளில் முடிய வேண்டிய செலவு பல்லாயிரமாகும். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிவிட்டு ஓட்டுவதும் சரியன்று. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் தேய்மானமும் டீசல் செலவும் கூடும்.

இறுதியாக, வடித்த கூலண்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புடையது, கொடிய நஞ்சு. களத்திலோ தொழுவத்தருகிலோ கொட்டினால் நாயும் கன்றும் நக்கி இறந்துபோகும். அதை மூடியுள்ள தகரத்தில் பிடித்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, பட்டறையில் சேர்ப்பிக்க வேண்டும்.