முத்து விளையும் காலம் மூன்று விநாடியில்!

தூத்துக்குடிக் கடலில் ஒரு வள்ளம் செல்கிறது. சங்கு குளிக்கும் தொழிலாளி ஒருவர் அதிலிருந்து நீரில் குதிக்கிறார். அடுத்த கணம் நாம் கடலடியில் இருக்கிறோம். மணலில் சங்கைத் தேடும் அவருடைய கை நம் கண்முன் தெரிகிறது!

தொலைக்காட்சியில் இப்படி ஒரு காட்சியைக் கண்டால் நாம் திடுக்கிடுவதில்லை. படகிலிருந்து கடலடிக்கு ஒரே தாவலில் வந்துவிட்டோமே என்று வியப்பதும் இல்லை. ஏன்?

கண்ணின் தாவல்

ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று உங்கள் இடக் கண்ணை நோக்குங்கள். பிறகு வலக் கண்ணை நோக்குங்கள். உங்கள் கண்கள் நகர்வது தெரிகிறதா? தெரியாது! ஆனால் அருகில் நிற்கும் நண்பருக்கு அது நன்றாகத் தெரியும். பார்வை தாவும் அந்த நொடிப்பொழுதில் எழும் மங்கலை மூளை ஒதுக்கிவிடுகிறது. துண்டு துண்டான பார்வைகளை இணைத்து ஒரே உலகமாகக் காண்பது மூளைக்குப் பழகிய வேலை.

படத்தொகுப்பாளர் இந்தப் பழக்கத்துக்கு உதவி செய்கிறார். தலைகீழாகக் குதிப்பவர் அடுத்த காட்சியிலும் கீழ்நோக்கியே செல்ல வேண்டும். இடமிருந்து வலமாகச் சென்ற வள்ளம் அடுத்த காட்சியில் வலமிருந்து இடமாகச் சென்றால், அது கரைக்குத் திரும்புகிறது என்றே நினைப்போம். வள்ளத்து இயந்திரத்தின் ஓசை கடலடிக் காட்சியிலும் சற்று நேரம் கேட்டுத் தேய்ந்தால், ஒட்டு இருப்பதே தெரியாது.

கண்ணுக்குத் தெரியாத படம்

சினிமாப் படச்சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் படங்கள் தெரியும். வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்டலாம். வீடியோ நாடாவில் அப்படி எதுவும் தெரியாது. அதில் இருப்பது வெறும் காந்தப் பதிவு!

1956-இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் வெளியிட்ட கருவியில் நாடாவின் அகலம் ஏறத்தாழ 5 செ.மீ. அதை வெட்ட வேண்டுமானால், நுண்ணிய இரும்புத்தூள் கலந்த திரவத்தை நாடாவில் தடவுவார்கள். காந்தத் தடங்களில் தூள் படிந்து கோடுகள் தெரியும். இரு படங்களுக்கு இடையே கூரிய கத்தியால் வெட்டி ஒட்டுவார்கள். வெட்டு சற்றே பிசகினாலும் திரையில் படம் உருளும்.

1971-இல் வந்த யூமேட்டிக் போன்ற கேசட்டுகளில் தடங்கள் சாய்வாகப் பதிந்தன. அங்கே கத்திக்கு வேலை இல்லை. வேண்டிய காட்சிகளை ஒரு கருவியில் ஓடவிட்டு மற்றொன்றில் வரிசையாகப் பிரதி எடுத்தார்கள். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய காலத்தில் இம்முறை பரவிக்கொண்டிருந்தது.

ஆனால் நின்றிருக்கும் நாடா உடனே சீரான வேகம் பெறாது. ஆகவே இரு கருவிகளும் ஒட்டு விழ வேண்டிய இடத்திலிருந்து சுமார் 5 விநாடி பின்னே சென்று, சேர்ந்தே புறப்படும். நாடாவின் ஓரத்தில் பதிந்துள்ள துடிப்புகளைக் கொண்டு ஒன்றோடொன்று இணையாக ஓடும். குறித்த இடம் வந்ததும் இரண்டாவது கருவி பதிவைத் தொடங்கும். நம் நாட்டு முறையில் விநாடிக்கு 25 படங்கள். எனவே அந்த 5 விநாடியில் 125 படங்கள் கடந்துவிடும்!

கரைந்து மாறும் காட்சி

இதே கடற்கரையின் மற்றொரு செல்வம் முத்து. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே. அழகர்சுவாமியும் குழுவினரும் 1973-இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் சிப்பிக்குள் உருண்டையான முத்தை விளைவித்தனர். சிப்பியின் உடலுக்குள் ஒரு சிறு மணியையும், வேறொரு சிப்பியின் மேலுறைத் திசுத் துண்டையும் வைப்பார்கள். பிறகு சிப்பியைக் கூண்டிலிட்டுக் கடலில் தொங்கவிடுவார்கள். முத்து விளையப் பல மாதங்கள் ஆகும்.

இதைப் படமாக்கினால் எப்படித் தொகுப்பது? மணியை வைக்கும் காட்சியை அடுத்து முத்தை எடுக்கும் காட்சியை நேராக ஒட்டினால், முத்து உடனே விளைந்துவிட்டது என்று பார்ப்பவர் எண்ணக்கூடும். ஒட்டு வழுவழுப்பாக இருக்கும், செய்தி பொய்யாகிவிடும்! இங்கே தேவை, ஒரு காட்சி மங்க மற்றது தெளிந்து வரும் 'டிசால்வ்'. காலம் கடந்தது என்பதற்கு அது அடையாளம். 3 விநாடி நீண்டால் 75 படங்களில் அந்த மாற்றம் நிகழும்.

நாடாக் காலத்தில் இதற்கு மூன்று கருவிகள் வேண்டும். இரண்டு காட்சிகளை ஓட்டும். மூன்றாவது அவற்றின் கலவையைப் பதிவு செய்யும். படத்தின் 625 கோடுகளில் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம், ஒரு விநாடியின் 10 இலட்சத்தில் 64 பங்குதான்! இரண்டு நாடாக்களும் ஒரே கோட்டை ஒரே கணத்தில் தர வேண்டும். நாடா ஓட்டத்தின் நடுக்கம் இதைக் கெடுக்கும். ஆகவே காலப்பிழை திருத்தி என்ற கருவி, ஒவ்வொரு கோட்டையும் சிறிது நிறுத்தி வைத்துச் சரியான கணத்தில் வெளியிட்டது.

இன்று இவ்வேலையைக் கணினி ஒரு நொடியில் செய்துவிடுகிறது. ஆனால் எங்கே வெட்டுவது, எங்கே கரைப்பது என்பதை மனிதரே முடிவு செய்ய வேண்டும். அடுத்த முறை ஓர் அறிவியல் படம் பார்க்கும்போது ஒவ்வோர் ஒட்டையும் எண்ணுங்கள். அதில் மறைந்துபோன நேரம் எவ்வளவு என்பதைப் படம் உங்களுக்குச் சொல்கிறதா என்றும் கவனியுங்கள்.