கிராமத்திலிருந்து கல்லூரிக்கு – 5: எந்த வழியில் கிடைத்த இடம்?

புதுச்சேரியில் பிளஸ் டூ முடித்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரிக்குச் செல்வது ‘சென்டாக்’ எனப்படும் மையச் சேர்க்கைக் குழு வழியாகத்தான். பொறியியல், செவிலியர் படிப்பு, அரசு கலை அறிவியல் கல்லூரிகள், மருத்துவத்தில் மாநில ஒதுக்கீடு ஆகிய எல்லாவற்றுக்கும் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் ஒரே விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் போதாது. நீட் சார்ந்த படிப்புகளுக்கு ஒன்று, நீட் தேவைப்படாத தொழிற்படிப்புகளுக்கு ஒன்று, கலை அறிவியலுக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் பதிய வேண்டும். காலாப்பட்டில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ முடித்து நேரடியாகச் சேரும் படிப்புகளுக்கு 2022 முதல் க்யூட் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்கிறது. ஜிப்மர் தன் சொந்த நுழைவுத் தேர்வை 2020-இல் விட்டுவிட்டு நீட்டுக்கு மாறியது.

எந்த வழியில் இடம் கிடைத்தது என்பதைப் பொறுத்தே உதவித்தொகையும் கட்டணச் சலுகையும் அமையும். ஊர்ப்புறக் குடும்பங்கள் பலவும் இதைச் சேர்க்கை முடிந்த பிறகே கவனிக்கின்றன. மருத்துவக் கல்லூரிகளைப் பார்த்தால் இது விளங்கும். பாகூர் கொம்யூனில் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் கடலூர் சாலையோரம் இரண்டு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை என்பதால் அவற்றின் இடங்கள் டெல்லியிலிருந்து நடத்தப்படும் மத்தியக் கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. வில்லியனூர் கொம்யூனின் அரியூரில் உள்ள தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் சென்டாக்கின் கையில் உள்ளன. தனியார் கல்லூரியில் சென்டாக் இடம் பெற்ற புதுச்சேரி மாணவருக்குப் பெருந்தலைவர் காமராசர் நிதியுதவித் திட்டத்தின் கீழ் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு தருகிறது. கல்லூரி வீட்டு வாசலிலேயே இருந்தாலும், நிகர்நிலை இடத்துக்குப் போகிறவர் முழுக் கட்டணத்தையும் தாமே திரட்ட வேண்டியிருக்கும்.

சென்டாக்கில் இட ஒதுக்கீடு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 18, அட்டவணை இனத்தவருக்கு 16, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 11 விழுக்காடு. மற்ற பிரிவுகளுக்குச் சிறு பங்குகள் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2023-இல் நடைமுறைக்கு வந்தது. இதைக் கோருவோர் படித்த பள்ளிகளின் சான்றுகளை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியதால், அவற்றின் மாணவர்கள் அதன்படி 2025-இல் முதன்முறையாகப் பிளஸ் டூ பொதுத்தேர்வை எழுதினர். அண்ணனோ அக்காவோ எழுதிய தமிழ்நாட்டு வாரியத் தேர்வின் கட்-ஆஃப் கணக்கை வைத்து இன்றைய மாணவர் தம் வாய்ப்பை எடை போடுவது சரிவராது.

ஒதுக்கீடும் உதவியும் சான்றிதழ்களை நம்பியே இருக்கின்றன. வில்லியனூர், மண்ணாடிப்பட்டு கொம்யூன்களுக்கு வில்லியனூர் தாலுகா அலுவலகமும், பாகூர், நெட்டப்பாக்கம் கொம்யூன்களுக்குப் பாகூர் தாலுகா அலுவலகமும் சாதி, இருப்பிட, வருமானச் சான்றிதழ்களை வழங்குகின்றன. இந்த வட்டாரத்தில் புதுச்சேரி ஊர்களும் கடலூர், விழுப்புரம் மாவட்ட ஊர்களும் பின்னிக் கிடக்கின்றன. வீடு ஒரு பக்கம், பள்ளி மறு பக்கம் என்று இருக்கும் மாணவர்களுக்கு இருப்பிடச் சான்றிதழில்தான் சிக்கல் வரும். எல்லைக்கு அப்பால் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கிடைக்கும் ‘புதுமைப் பெண்’ திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் புதுச்சேரி அரசுப் பள்ளி மாணவிக்குக் கிடைக்காது. அட்டவணை இனத்தவரில் பூர்வீகத்தவர், குடிபெயர்ந்தவர் என்ற பிரிவு இங்கே பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். 1964 மார்ச் 5 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையே அதற்கு எல்லைக்கோடு. அந்தத் தேதிக்கு முன்பே குடும்பம் இங்கு வாழ்ந்ததற்கான பழைய ஆவணங்களைத் தேடி எடுக்க நாளாகும் என்பதால், பிளஸ் ஒன் படிக்கும்போதே அந்த வேலையைத் தொடங்குவது நல்லது.

ஆதாரிலும் மதிப்பெண் சான்றிதழிலும் சாதிச் சான்றிதழிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு எழுத்து மாறியதற்காக உதவித்தொகை விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டால், அந்த ஆண்டின் கட்டணத்துக்கு வீட்டில் நகை அடகுக்குப் போகும்.

படிப்புக்கு வழிசெய்து கொடுப்பது பாகூருக்குப் புதிதன்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, ஒன்பதாம் நூற்றாண்டில் அவ்வூர் வித்யாஸ்தானத்தின் செலவுக்காக மூன்று ஊர்களின் வருவாய் கொடையாக விடப்பட்டதைச் சொல்கிறது. இன்றைய உதவி பல துறைகளில் சிதறிக் கிடப்பதால் மாணவர்தான் தேடிச் சேர்க்க வேண்டும். அட்டவணை இனத்தவருக்கான மத்திய போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிளஸ் டூவில் தம் வாரியத்தின் 80-ஆவது சதமானத்துக்கு மேல் வந்து, வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானவருக்கு இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கான ஏ.ஐ.சி.டி.இ.யின் ‘பிரகதி’ ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். தொகை நேரடியாக வங்கிக் கணக்குக்கு வருவதால், கணக்கை ஆதாருடன் இணைத்ததோடு நின்றுவிடாமல், அரசுப் பணம் பெறும் கணக்காகவும் அது பதிவாகியிருக்கிறதா என்று வங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இவற்றுக்குப் பிறகும் மிஞ்சும் தொகைக்குத்தான் கல்விக் கடன். 4 லட்சம் வரை சொந்தப் பணமும் பிணைச் சொத்தும் தேவையில்லை, 7.5 லட்சம் வரை பிணைச் சொத்து கேட்கப்படுவதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும். 2024-இல் வந்த ‘பி.எம். வித்யாலட்சுமி’ தரவரிசையில் முன்னிற்கும் குறிப்பிட்ட கல்லூரிகளுக்கு மட்டுமே பொருந்தும். தகுதிப் பட்டியல் வழியே சேர்ந்தவருக்கே அந்தத் திட்டத்தில் இடமுண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்தவர் அதன் வட்டிச் சலுகையைக் கோர முடியாது.