ஓவர்கிளாக் பண்ணதும் திரை கருப்பா? 'போர்டு போச்சு'ன்னு முடிவு பண்ணும் முன் இதைப் பாருங்க!

ஃபேன் சுத்துது, லைட் எரியுது. ஆனால் மானிட்டரில் எதுவும் வரவில்லை. கீபோர்டில் எதை அழுத்தினாலும் அசைவில்லை. ஓவர்கிளாக் செய்து பார்த்தவர்களில் பலருக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். உடனே புது மதர்போர்டுக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டாம். நடுவில் செருகிய சின்ன கருவியோ, மாற்றிய செட்டிங்கோகூட காரணமாக இருக்கலாம்.

அது என்ன கருவி?

2011-ல் வந்த அசுஸ் ரேம்பேஜ் 4 எக்ஸ்ட்ரீம் மதர்போர்டுடன் 'ஓசி கீ' என்ற சிறிய கருவி தரப்பட்டது. கிராபிக்ஸ் கார்டின் டிவிஐ போர்ட்டுக்கும் மானிட்டர் கேபிளுக்கும் நடுவே இதைச் செருக வேண்டும். இன்னொரு வயர் மதர்போர்டுக்குப் போகும். விண்டோஸ் ஓடும்போதே, டிவி மெனு மாதிரி, திரையின் மேல் வேகமும் வோல்டேஜும் தெரியும், அங்கேயே மாற்றலாம். வசதிதான். ஆனால் மானிட்டருக்குப் போகும் படம் முழுக்க இந்தக் கருவி வழியாகத்தான் போகிறது. இணைப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் திரை போய்விடும். மெனு திறந்திருந்தால் நீங்கள் அழுத்தும் விசைகள் அதற்கே போகலாம். 'கீபோர்டு வேலை செய்யலை' என்று தோன்றும்.

முதலில் நம் லாக்

நம் லாக் விசையை அழுத்துங்க. லைட் அணைந்து அணைந்து எரிந்தால் கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது, சிக்கல் படத்தில். லைட் அசையவே இல்லை என்றால், கம்ப்யூட்டர் உறைந்திருக்கலாம் அல்லது கீபோர்டே இணையவில்லை.

படம் இல்லையா? பவரை அணைத்து, கருவியைக் கழற்றி, மானிட்டரை நேராக கிராபிக்ஸ் கார்டில் இணையுங்க. எச்டிஎம்ஐ-யில் இருந்து டிவிஐ-க்கு மாற்றும் சாதாரண அடாப்டர் போட்டிருந்தால், 1920 x 1200, 60 ஹெர்ட்ஸுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கீபோர்டா? யுஎஸ்பி ஹப்பை விட்டுவிட்டு, பின்பக்கம் உள்ள யுஎஸ்பி 2.0 போர்ட்டில் நேராகச் செருகுங்க. விண்டோஸ் 7-ல் யுஎஸ்பி 3.0-க்கு டிரைவர் கூடவே வராது; அதனால் பயாஸில் வேலை செய்யும் கீபோர்டு, விண்டோஸ் வந்ததும் செத்துவிடும். நேர்மாறாக, பயாஸுக்குள் மட்டும் போக முடியவில்லை என்றால் 'ஃபாஸ்ட் பூட்' மேல் சந்தேகப்படலாம். பழைய பிஎஸ்/2 கீபோர்டு வீட்டில் கிடந்தால் இப்போதுதான் அதற்கு வேலை. ஆனால் பவரை அணைத்த பிறகே அதைச் செருக வேண்டும்.

செட்டிங்கே காரணம் என்றால்

அந்தக் காலத்து இன்டெல் சாண்டி பிரிட்ஜ் கம்ப்யூட்டர்களில் 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்தோடு பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா எல்லாமே பிணைந்திருந்தன. அதில் சில மெகாஹெர்ட்ஸ் ஏற்றினாலே கம்ப்யூட்டர் தடுமாறும். இதற்கு வழி 'கிளியர் சிமாஸ்'. பவர் வயரைப் பிடுங்கி, போர்டில் உள்ள பட்டனை அழுத்தணும். பட்டன் இல்லையென்றால் நாணயம் மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைக்கணும்.

இங்கேதான் கவனம் தேவை. ரீசெட் செய்ததும் தேதி, பூட் வரிசை, ரெய்டு அமைப்பு எல்லாம் பழைய நிலைக்குப் போகும். விண்டோஸில் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அது கையில் இல்லையென்றால் போர்டு பிழைத்தும், உள்ளே உள்ள போட்டோவும் ஃபைலும் திறக்காது. எண்ணை முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் திரை வரவில்லையா? இதுபோன்ற விலை உயர்ந்த போர்டுகளில் 2 இலக்க கோடு காட்டும் சின்ன திரை இருக்கும். அதில் நிற்கும் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்க.