மூழ்கிய கப்பலும் சுழியோடியின் வீடும்

"கப்பல் கிடக்கிற இடத்தில மீன் மொய்க்கும்." புத்தளம் மாவட்டத்துக் கரையோரப் பெண்கள் குழுக்களில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. உண்மைதான். மணல் தரையில் இரும்புக் கப்பல் ஒன்று மூழ்கிக் கிடந்தால், சில வருடங்களில் அது பார் போல ஆகிவிடும். சிப்பி ஒட்டும், மீன் ஒதுங்கும், சிங்கி இறாலும் குடியிருக்கும். அதனால் சிலிண்டர் கட்டிச் சுழியோடும் ஆண்களையும் அந்த இடம் இழுக்கிறது.

இவர்களின் குடும்பங்களில் 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்களும், போரில் உறவுகளை இழந்தவர்களும் உள்ளனர். உழைக்கும் ஒருவர் படுத்துவிட்டால் முழுப் பாரமும் பெண்ணின் தலையில்தான். ஆகவே கடலுக்கு அடியில் நடப்பதை நாமும் அறிந்திருப்பது நல்லது.

கடல் இடம் தரும் காலம்

நமது மேற்குக் கடல் நவம்பர் முதல் ஏப்ரல் வரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அலையை எழுப்பி அடிமண்ணைக் கலக்கிவிடும். அமைதியான மாதங்களிலும், மழை பெய்து தெதுறு ஓயா பெருகினால் சிலாபத்துக் கரைக்கடல் கலங்கும்.

எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை நாம் மறக்கவில்லை. 2021 மே 20இல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய அக்கப்பல் ஜூன் 2இல் சுமார் 21 மீற்றர் ஆழத்தில் தரைதட்டியது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் புத்தளம் கரை வரை ஒதுங்கின. பெரிய இயந்திரங்களுடன் வந்து அதன் சிதைவுகளை அகற்றியவர்கள்கூட பருவக்காற்றுக் காலத்தில் வேலையை நிறுத்தவேண்டி வந்தது. அப்படியானால் ஒரு சிறு படகும் இரண்டு சிலிண்டர்களும் எம்மாத்திரம்?

கலங்கிய நீரில் மூழ்கிய கப்பல் இன்னும் ஆபத்தானது. அதில் சிக்கிய பழைய வலைகள் கண்ணுக்குத் தெரியாது. துருப்பிடித்த தகடு கையைக் கிழிக்கும். உள்ளே நுழைந்தவர் காலால் சேற்றைக் கிளப்பிவிட்டால், வந்த வழியே மறைந்துவிடும்.

ஆழம் செய்யும் வேலை

ஒவ்வொரு 10 மீற்றருக்கும் நீரின் அமுக்கம் ஒரு மடங்கு கூடும். 20 மீற்றரில் அது கரையில் உள்ளதைப் போல மூன்று மடங்கு. சிலிண்டர் காற்றும் அங்கே மூன்று மடங்கு வேகமாக முடியும். அந்த அமுக்கத்தில் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்தில் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறும். அவசரமாக வந்தால், சோடாப் போத்தலைத் திறந்தது போல உடம்புக்குள் குமிழி கிளம்பும்.

அதனால்தான் பயிற்சி பெற்றவர்கள் நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறுவதில்லை. 5 மீற்றரில் மூன்று நிமிடம் தரித்தே வருவார்கள். மட்டக்களப்புக் கடலில் 1942இல் மூழ்கிய ஹேர்மிஸ் போர்க்கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு விதித்த எல்லையே 40 மீற்றர். ஆனால் கூலிக்குச் சுழியோடுபவரோ ஒரே நாளில் பல சிலிண்டர்களை முடிக்கிறார். ஒவ்வொரு தடவையும் நைதரசன் மிச்சம் சேர்ந்துகொண்டே போகும்.

வீட்டில் தெரியும் அடையாளம்

இந்த நோய் பல வேளை கடலில் தெரிவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, பெரும்பாலும் 24 மணித்தியாலத்துக்குள் தெரியும். அதை முதலில் காண்பவர் மனைவியோ தாயோதான்.

தோள் அல்லது முழங்கை மூட்டில் குடையும் வலி, கால் விறைப்பு, தலைச்சுற்று, அளவுக்கு மீறிய களைப்பு, சலம் போக முடியாமை ஆகியன அடையாளங்கள். "வேலைக் களைப்பு" என்று தைலம் தடவிப் படுக்க விடாதீர்கள். வலி போக மறுபடி கடலில் இறங்கும் பழக்கத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள். அது நிலைமையை மோசமாக்கும். காலம் தாழ்த்தினால் இடுப்புக்குக் கீழே செயலிழந்து போகலாம்.

நோயாளியை மல்லாக்கப் படுக்க வையுங்கள். இலவச அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் அழையுங்கள். ஆஸ்பத்திரியில், "சிலிண்டரோடு சுழியோடினவர். எவ்வளவு ஆழம், எத்தனை தடவை, எத்தனை மணிக்கு மேலே வந்தார்" என்று முதலிலேயே சொல்லுங்கள். உடனே தேவைப்படுவது ஒட்சிசன். அதன் பிறகு அமுக்க அறைச் சிகிச்சைக்கு அனுப்புவதை வைத்தியர் தீர்மானிப்பார்.

சங்கு, அட்டை பிடிக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அது இல்லாதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயப்படுகிறார்கள். ஒரு சகோதரி என்னிடம், "கேஸ் போட்டாலும் பரவாயில்ல, நடக்கிற மனுசன் வேணும்" என்றார். அவருடைய வார்த்தையை எல்லாக் குழுக்களிலும் நான் சொல்லி வருகிறேன்.

சகோதரிகளே, இன்று மாலை அவர் கரைக்கு வந்ததும், எவ்வளவு கிடைத்தது என்று கேட்பதற்கு முன், எத்தனை தடவை இறங்கினார் என்று கேளுங்கள்.