எல்லோரும் ‘ஆம்’ என்ற ஊரில் ஒரு விவசாயி

நியாயமாக இருப்பவன் அல்லாடுகிறான், அயோக்கியன் சுகமாக இருக்கிறான். பிறகு எதற்கு இந்த நேர்மை? வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்த காலமெல்லாம் இந்தக் கேள்வி என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு பட்டியல் வரும். அதில் தகுதியில்லாத பெயர் ஒன்று இருக்கும். “சார், நீங்க ஒருத்தர் கையெழுத்துப் போடலேன்னா உலகமா நின்னுடப்போகுது? அடுத்த சீட்காரர் போட்டுட்டுப் போறார்” என்பார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. என் பிள்ளைகளின் படிப்பை நினைத்துத்தான் சொன்னார்கள். அந்தக் கேள்விக்கு நான் அறிந்த மிக நேரான பதில், ஆஸ்திரியாவில் வாழ்ந்த ஒரு விவசாயியின் வாழ்க்கை.

அவர் பெயர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர். ஜெர்மனியின் எல்லையை ஒட்டிய சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில் 1907-ல் பிறந்தவர். பெற்ற தகப்பன் முதல் உலகப் போரில் இறந்துபோக, தாயை மணந்தவர் அவரைச் சுவீகாரம் எடுத்துத் தன் பெயரையும் பண்ணையையும் கொடுத்தார். பிறவியிலேயே ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். ஊரில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கியவர் அவர்தான். திருமணத்துக்கு முன்பே ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனும் ஆனவர். 1936-ல் ஃபிரான்சிஸ்காவை மணந்து, இருவரும் ரோமுக்கு யாத்திரை போய்வந்தார்கள். இந்த மண வாழ்க்கையில்தான் அவருடைய பக்தி வேர்பிடித்தது.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. ஏப்ரல் 10-ம் தேதி, ஜெர்மனியோடு இணைவதற்குச் சம்மதமா என்று மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். அந்த வாக்குச்சீட்டின் படத்தைப் பார்த்திருக்கிறேன். ‘ஆம்’ என்பதற்கு நடுவில் பெரிய வட்டம். ‘இல்லை’ என்பதற்கு ஓரத்தில் சின்ன வட்டம். காகிதங்களோடு காலம் கழித்த எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எந்த வட்டத்தில் பேனா வைக்க வேண்டும் என்பதைச் சீட்டே சொல்லிவிடுகிறது. ஆயர்களும் ‘ஆம்’ என்று போடச் சொல்லி அறிக்கை விட்டிருந்தார்கள். நாடு முழுக்க 99.7 சதவீதம் ‘ஆம்’. சாங்க்ட் ராடெகுண்டில் ஒரே ஒரு ஓட்டு மட்டும் ‘இல்லை’. அதையும் உள்ளூரிலேயே மறைத்துவிட்டு, நூற்றுக்கு நூறு என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார்கள். அந்த ஓட்டைப் போட்டவர் ஃபிரான்ஸ்.

கணக்கிலேயே ஏறாத ஓட்டு அது. அதனால் என்ன பயன் என்று கேட்கலாம். அவர் அதோடு நிற்கவில்லை. அரசு கொடுத்த குழந்தைகள் உதவித்தொகையை வாங்கவில்லை. புயல் பயிரை அழித்தபோது கிடைக்கவிருந்த நிவாரணமும் வேண்டாம் என்றுவிட்டார். நாஜிக் கட்சிக்காரர்கள் உண்டியலோடு வந்தால் ஒரு காசு போடமாட்டார். ஊர் ஏழைகளுக்கோ வீட்டிலிருந்து உணவு போய்க்கொண்டிருந்தது. இந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் நின்றுவிடுகிறேன். அவர் உயிரைக் கொடுத்ததைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் அரசாங்கப் பணம் வீடு தேடி வரும்போது, அதில் யாருடைய கை இருக்கிறது என்று பார்த்துத் திருப்பி அனுப்பிய அந்த வருடங்களில்தான் அவருடைய மனம் உறுதிப்பட்டது. பெரிய சோதனை வந்த அன்று அவர் எதையும் புதிதாக முடிவு செய்யவேண்டியிருக்கவில்லை.

1940-ல் ராணுவ அழைப்பு வந்தபோது போனார், பயிற்சியும் பெற்றார். பண்ணை வேலைக்குத் தேவை என்று 1941 ஏப்ரலில் விடுவித்தார்கள். ராணுவத்தில் கண்டதும் கேட்டதும் போதும் என்றாகிவிட்டது. இந்தப் போர் அநியாயம், இனி இதில் துப்பாக்கி எடுக்க முடியாது என்று தீர்மானித்து ஊர் திரும்பினார். பங்குக் கோயிலில் கோவில்பிள்ளை வேலையை ஏற்றுக்கொண்டார். லின்ஸ் நகரத்து ஆயரைப் போய்ப் பார்த்தார். போர் சரியா தவறா என்பதற்கு அரசுதான் பொறுப்பு, நீ உன் குடும்பத்தைப் பார் என்ற தொனியில்தான் பதில் வந்தது. தெய்வ பயமுள்ள ஒருவனுக்கு இதைவிடப் பெரிய தனிமை இருக்க முடியாது. அக்கிரமக்காரன் எதிரே நிற்பதைத் தாங்கிக்கொள்ளலாம். நல்லவர்கள் எல்லோரும் சேர்ந்து “விட்டுக்கொடுத்துப் போ” என்று சொல்லும்போது எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

1943 பிப்ரவரியில் மீண்டும் அழைத்தார்கள். என்ஸ் முகாமுக்குப் போய், ஆயுதம் ஏந்தமாட்டேன் என்று நேராகவே சொன்னார். காயம்பட்டவர்களுக்கு மருத்துவ உதவி செய்யத் தயார் என்றும் சொல்லிப் பார்த்தார், ஏற்கவில்லை. முதலில் லின்ஸ் சிறை, பிறகு பெர்லினின் டேகல் சிறை. தங்களுக்குப் பிறந்த மூன்று பெண் குழந்தைகளையும் நிறுத்தி ஒரு புகைப்படம் எடுத்து ஃபிரான்சிஸ்கா அனுப்பினார். அப்பா சீக்கிரம் வந்துவிடு என்று எழுதிய அட்டையைப் பிள்ளைகள் பிடித்திருக்கும் படம் அது. மூத்தவளுக்கே ஆறு வயது நிரம்பவில்லை. ஜூலை 6-ல் மரண தண்டனை. ஜூலையிலேயே ஃபிரான்சிஸ்காவும் ஊர்ச் சாமியாரும் பெர்லினுக்குப் போய்ப் பார்த்தார்கள். கிடைத்தது சுமார் இருபது நிமிடம். ஆகஸ்ட் 9 அன்று, பிராண்டன்பர்க் சிறையில் அவர் முன்னால் ஒரு தாள் இருந்தது. கையெழுத்துப் போட்டால் உயிர் தப்பலாம். உடனிருந்த குருவானவர் அதைக் காட்டினார். முடியாது என்று ஒதுக்கிவைத்தார். அன்று மாலை தலையை வெட்டினார்கள். வயது 36.

போர் முடிந்தது, ஹிட்லர் ஒழிந்தான். இனி ஃபிரான்சிஸ்காவுக்கு ஊர் மரியாதை செய்திருக்கும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. புருஷனைத் தடுக்காமல் விட்டவள் என்று ஊர் அவர்மேல் பழிபோட்டது. போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் அங்கே நிறைய. ஃபிரான்ஸ் செய்தது சரி என்றால் எங்கள் பிள்ளைகள் எதற்காகச் செத்தார்கள் என்ற கேள்வி அந்த வீடுகளைக் குடைந்தது. அந்த வேதனையையும் நான் மதிக்கிறேன். ஆனால் அதன் பாரத்தைச் சுமந்தவர், மூன்று குழந்தைகளோடு தனியாகப் பண்ணையைப் பார்த்துக்கொண்ட ஒரு விதவை. அவருக்கு விதவை ஓய்வூதியம் 1950 வரை கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், முதலில் அவரும் கணவரின் மனதை மாற்றத்தான் பார்த்தார். ஊரே எதிர்த்து நிற்கும்போது தானும் கைவிட்டால் அவருக்கு யாருமே இல்லை என்று உணர்ந்து பக்கத்தில் நின்றார். என் கணக்கில் இருவர் விசுவாசமும் ஒரே எடைதான்.

கார்டன் ஜான் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1964-ல் ஃபிரான்ஸைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிறகுதான் உலகத்துக்கு அவர் பெயர் தெரிந்தது. 1997-ல் பெர்லின் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26-ல் லின்ஸ் பேராலயத்தில் திருச்சபை அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தபோது, 94 வயது ஃபிரான்சிஸ்கா முன்வரிசையில் இருந்தார். 2013-ல், நூறு வயது நிறைந்த சில நாட்களில் காலமானார்.

கடைசியில் நியாயம் ஜெயித்தது என்று நான் சொல்ல வரவில்லை. 64 வருடம் கழித்து வந்த பட்டம் அந்தப் பிள்ளைகளுக்கு அப்பாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஜெயிப்போம் என்று எண்ணி அவர் மறுக்கவுமில்லை; தப்பு என்று தெரிந்ததால் மறுத்தார். உங்கள் அலுவலகத்திலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருப்பார்: கையெழுத்துப் போட மறுத்து இடமாற்றம் வாங்கியவர், பொய்ச் சாட்சி சொல்லாமல் ஊர்ப்பகை தேடிக்கொண்டவர். அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்று சொல்லாதீர்கள். அவர் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். அவர் மனைவியிடமும் பிள்ளைகளிடமும், அவர் செய்தது சரிதான் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.