மலைவீட்டை அறை அறையாக வாடகைக்கு விடுவது எப்படி?

ஏற்காட்டில் கரடியூர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கோடை விழா நடக்கும் மே மாதம் காசு வரும். சனி, ஞாயிறு ஓடும். மழைக்கால வார நாட்களில் வீடு சும்மா கிடக்கும்.

ஏற்காட்டுக்கு மாதக்கணக்கில் தங்க வருகிறவர்களும் உண்டு. மாற்றலாகி வரும் வங்கி ஊழியர், புதிதாகச் சேரும் பள்ளி ஆசிரியர், ஆர்க்கிட் தோட்டத்தில் ஆய்வு செய்ய வரும் மாணவர். தனியாள் என்பதால் முழு வீடு வேண்டாம். நான்கைந்து மாதத்துக்காகக் கட்டிலையும் பீரோவையும் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுவரவும் முடியாது. சாமான் போட்ட ஓர் அறையும் சமைக்க ஓர் இடமும் இருந்தால் போதும்.

முழு வீட்டையும் ஒரு குடும்பத்துக்கு விட்டால், உள்ளே நடப்பது அவர்கள் பாடு. அறையறையாக விட்டால் சமையலறை, குளியலறை, ஹால் எல்லாம் உங்கள் பொறுப்பு. முன்பின் தெரியாத நால்வரை ஒரே கூரையின் கீழ் சேர்த்துவைத்தவர் நீங்கள்தான். மனக்கசப்பும் பெரும்பாலும் அந்தப் பொது இடங்களில்தான் முளைக்கும்.

கரண்ட் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2 கிலோவாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் 1 யூனிட். மலைக்குளிரில் நான்கு பேர் தினமும் அப்படிக் குளித்தால், 2 மாத பில்லில் அதற்கு மட்டும் 240 யூனிட். ஃப்ரிட்ஜும் மோட்டாரும் சேர்ந்து மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 யூனிட் வரைக்கான சலுகையும் கிடைக்காது. வெந்நீரை அளவாகப் பயன்படுத்தியவரும் அந்தக் கூடுதலைச் சுமக்க வேண்டும். அறைக்கு ஒரு சப் மீட்டர் வையுங்கள்; கீசர் அந்தந்த அறையின் இணைப்பில் இருக்கட்டும். பொது விளக்கு, மோட்டார் செலவை மட்டும் சமமாகப் பிரியுங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது; உங்கள் வீடு இருக்கும் பகுதிக்கு அது பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொருந்தினால், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக்கூடாது. வாடகை பாக்கி என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த முடியாது. பழுது பார்க்க அறைக்குள் போவதென்றாலும் 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். உங்கள் வீடுதான், ஆனால் அந்த மாதங்களில் அந்த அறை அவருடையது. லாட்ஜ்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் எந்த அறை, எத்தனை மாதம், எவையெல்லாம் பொது என்று ஒவ்வொருவருடனும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். பெண்களுக்கு மட்டும் விடுதி மாதிரி நடத்துவதானால், 2014ஆம் ஆண்டு விடுதிச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் விடுவதில் ஒரு நன்மையும் உண்டு. தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்குகிறவரிடம், ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல் வாங்கும் தங்குமிடக் கட்டணத்துக்கு 2024 ஜூலையிலிருந்து ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது.

கடைசியாக, மலை ஈரம். ஜூனில் மழை பிடித்தால் சுவரை ஒட்டிய மெத்தையின் அடிப்பக்கம் பூசணம் பூக்கும். பீரோவுக்குள் இருக்கும் பருத்திச் சட்டையில் கரும்புள்ளி விழும். காலி செய்யும்போது இதற்கு அட்வான்ஸில் பிடித்தம் செய்வது நியாயமில்லை. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், பஞ்சு மெத்தையைத் தவிருங்கள், ஜன்னலுக்கு வலையடித்துக் காற்றோட்டம் கொடுங்கள். குடிவரும் அன்றே சாமான்களை இருவருமாகப் போட்டோ எடுத்துப் பட்டியலில் கையெழுத்துப் போடுங்கள்.

யார் எப்போது சமைப்பது, குப்பையை யார் எடுப்பது, விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் கெடுபிடி போலத் தெரியும். வருமுன் சொன்னால், ஒத்துப்போகிறவர் மட்டும் வருவார்.