காங்கேயம் காளைக்கு மேல்பல் ஏன் இல்லை?

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடிச்சு வயசு சொல்றவங்க கீழ்ப்பல்லைத்தான் பார்ப்பாங்க. மேல்தாடையில் முன்பற்களே கிடையாது, கெட்டியான ஈறு மட்டும்தான். இது ஏன் என்று 2,300 வருஷத்துக்கு முன்பே கேட்டு எழுதியவர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322).

அவர் சொன்ன காரணம் இது. கொம்புக்கும் பல்லுக்கும் தேவைப்படுவது ஒரே மாதிரியான கெட்டிப் பொருள். அது கொம்புக்குப் போய்விட்டால் மேல்பல்லுக்கு மிச்சமில்லை. (நம்ம ஊர் கட்டிங் மாஸ்டருக்கு உடனே புரியும்: துணி இவ்வளவுதான், கைக்குக் கூட வெட்டினால் காலருக்குக் குறையும்.) பல் குறைந்தால் மெல்லுவது அரைகுறை, அதை ஈடுகட்டத்தான் நாலு அறை வயிறு. சரி, ஒட்டகத்துக்குக் கொம்பே இல்லையே? அதையும் அவரே எடுத்துக்கொள்கிறார். முள் தின்கிற பிராணி, அதனால் அந்தப் பொருள் அண்ணத்தைக் கெட்டியாக்கப் போய்விட்டது என்கிறார்.

விளக்கம் தப்பு. கொம்பில்லாத மாட்டினங்களுக்கும் மேல் முன்பல் இல்லை. ஆனால் பல், கொம்பு, வயிறு மூன்றையும் ஒன்றோடொன்று கோர்த்து, 'எதற்காக' என்று கேட்டாரே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதைப் பேசினாலே 'நம்ம தொல்காப்பியர் அப்பவே விலங்கியல் எழுதிட்டாரே' என்று யாராவது சொல்வாங்க. மரபியலில் இருப்பது என்ன? புல்லும் மரமும் ஓரறிவு, அதாவது தொடு உணர்வு. நத்தை வகைக்கு நாக்கு சேர்ந்து இரண்டு. கறையானுக்கும் எறும்புக்கும் மூக்கோடு மூன்று. நண்டுக்கும் தும்பிக்கும் கண்ணோடு நாலு. விலங்குக்குக் காதோடு ஐந்து. மனிதனுக்கு மனமும் சேர்ந்து ஆறு. ப்ரோக்ராம் எழுதுபவர்களுக்கு இது பழகின வடிவம்: மேல்படி ஒவ்வொன்றும் கீழ்ப்படியில் உள்ளதை எல்லாம் வாங்கிக்கொண்டு ஒன்றைக் கூட்டுகிறது. எறும்புக்கு மூன்று, வண்டுக்கு நாலு என்பது சமணத் தத்துவார்த்த சூத்திரத்திலும் உண்டு. ஆக, இதற்குச் சொந்தக்காரர்கள் கிரேக்கத்தில் இல்லை, பக்கத்திலேயே இருக்காங்க.

ஆனால் மரபியலின் வேலை வேறு. கன்று, குட்டி, பறழ், பார்ப்பு என்று குட்டிகளுக்கு ஒன்பது பெயர் சொல்லி, எதை எதற்கு வழங்கலாம் என்று வகுப்பதுதான் அதன் கவலை. அது இலக்கணம். 'ஏன்' என்ற கேள்வி அங்கே எழவேண்டிய அவசியமே இல்லை. அதைக் குறை என்று சொல்வது கிரிக்கெட் மட்டையால் கேரம் ஆட வரவில்லை என்பது போல.

இன்னொன்று, ஒரே அளவுகோலை வைத்து உயிர்களைப் பிரிப்பதை அரிஸ்டாட்டில் ஏற்கவில்லை. நீரில் வாழ்வது, நிலத்தில் வாழ்வது என்று வெட்டினால் பறவைகள் இரண்டு பக்கமும் சிதறிப்போகும். பல அடையாளங்களைச் சேர்த்துத்தான் பார்க்கணும் என்றார். தாவரத்தில் இரண்டு பேரும் நேரெதிர். தொல்காப்பியம் மரத்துக்குத் தொடு உணர்வு கொடுக்கிறது. அரிஸ்டாட்டிலோ மரத்துக்கு உண்டு வளரும் உயிர் மட்டும்தான், உணர்வு விலங்கிலிருந்துதான் ஆரம்பம் என்கிறார். தொட்டாச்சிணுங்கியைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

ஆச்சரியமாக இரண்டு பேரும் சந்திக்கிற இடமும் ஒன்று உண்டு. தும்பியை வண்டு என்று கொண்டால், மரபியல் கணக்கில் அதற்குக் காது இல்லை. தேனீ புத்திசாலி, ஆனால் ஒலி கேட்காததால் கற்றுக்கொள்ளாது என்று அரிஸ்டாட்டிலும் எழுதினார். இன்னொரு நூலிலோ, தேனீக்குக் கேட்குமா என்பதே சந்தேகம் என்கிறார். தேனீ பக்கத்தில் எழும் காற்றதிர்வை உணர்கொம்பால் அறிகிறது என்று இன்றைக்குத் தெரியும்.